அவசரமில்லை, சம்பந்தி

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது டாலர். கையுறைப் பட்டறையில் இந்தத் தொகையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது" என்பார்கள். "அது வந்தா மோட்டார் மாத்திடலாம்." "அது வரட்டும், பார்ப்போம்." கட்டுக்காரர் பக்கத்தில் வந்துவிட்டால் அந்த "அது"வும் நின்றுவிடும். நூலை அறுத்த மாதிரி பேச்சை அறுத்துவிட்டு, தோல் விலையைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார்கள். கட்டுக்காரருக்கு அதுதான் தாங்காது. முகத்துக்கு நேரே நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

பட்டறை ஏழு பேருடையது. ஏழு பேரும் முன்பு வேறொருவரிடம் கூலிக்கு இருந்தவர்கள். அந்த முதலாளி நொடித்துப்போய்க் கதவைச் சாத்தியபோது, சம்பளப் பாக்கிக்குப் பதிலாகப் பழைய மெஷின்களை எடுத்துக்கொண்டு, தகரக் கூரை போட்ட கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற தடித்த தோல் கையுறைதான் அவர்கள் சரக்கு. தோல் வெட்டுவது கத்திரி அக்கா, கணக்கும் அவர்தான். தைக்க ஐந்து பேர். அதில் ஒருவருக்கு ஸ்பீடு என்று பேர். பட்டறையிலேயே மெதுவாகத் தைப்பவர் என்பதால் வந்த பேர். கடைசி வேலை கட்டுக்காரருடையது. டஜன் டஜனாக அடுக்கி, பெட்டியில் போட்டு, பட்டையை இழுத்துக் கட்டி, லாரி ஏற்றி விடுவது.

ஆரம்பித்த அன்றைக்கே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். பாதிப் பணம் கைக்கு வராமல் பெட்டி வாசலைத் தாண்டாது. அந்த விதிக்குக் காவல் கட்டுக்காரர். கட்டு அவர் கையில்தானே இருக்கிறது! "வந்துதா அக்கா?" என்று கேட்பார். கத்திரி அக்கா தலையை ஆட்டினால்தான் பட்டையை இழுப்பார். பெரிய பெரிய கடைக்காரர்களின் லாரியைக்கூட வாசலில் வெயிலில் காய விட்டவர். ஒரே ஒருத்தருக்கு மட்டும் கேட்காமல் இழுத்தார். அவர் கட்டுக்காரருடைய சம்பந்தி.

சம்பந்தி கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருந்தார். கட்டட வேலைக்கு ஆகிற தொப்பி, பூட்ஸ், கையுறை விற்கிற கடை வைத்திருந்தார். கார் இருந்தது. பேசும்போது நடுநடுவே இரும மாட்டார், தொண்டையைச் செருமுவார். பணம் உள்ளவர்கள் செருமுகிற செருமல் அது. அப்படிப்பட்ட மனிதர் கட்டு கட்டுகிறவன் வீட்டில் பெண் எடுத்தாரே என்று கட்டுக்காரருக்குக் கல்யாணத்தன்று குனிந்த முதுகு, பேரன் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகும் நிமிரவில்லை. முதல் லோடுக்குச் சம்பந்தி தாமதமாகப் பணம் அனுப்பினார், ஆனாலும் அனுப்பினார். இரண்டாவது லோடும் மூன்றாவது லோடும் போயின. பணம் வரவில்லை. அதுதான் அது.

இவ்வளவுக்கும் நடுவில் கத்திரி அக்காவுக்கு ஒரு தைரியம் இருந்தது. வெளிநாட்டுக்காரன் பணம் தராமல் போனால் ஈடு கொடுக்கிற இன்ஷூரன்ஸ் ஒன்று உண்டு. எல்லாரும் முணுமுணுத்தபோதும் விடாமல் அதற்குப் பணம் கட்டி வந்தார். "கட்டினது வீண் போகாது" என்பார். இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து பதில் வந்தது. தர முடியாது என்று. ஏன் என்று புரியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் வக்கீலம்மாவிடம் போனார்கள். கத்திரி அக்கா, ஸ்பீடு, கட்டுக்காரர்.

வக்கீலம்மாவின் அறை ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு நாற்காலிதான். அக்காவும் ஸ்பீடும் உட்கார்ந்தார்கள். "நான் நிக்கறேன், பரவால்ல" என்று கட்டுக்காரர் ஃபைல் அலமாரியோடு ஒட்டிக்கொண்டார்.

"ஆர்டர் எங்க?" என்றார் வக்கீலம்மா. "அவர் கேட்டு எழுதின பேப்பர், மெயில், ஏதாவது?"

"எல்லாம் போன்ல பேசி அனுப்பினதுதாங்க. வாய்ஸ்" என்றார் கட்டுக்காரர்.

"போடுங்க."

போனை மேஜைமேல் வைத்துத் தட்டினார். சம்பந்தியின் செருமல் அறையை நிறைத்தது. "என்ன சம்பந்தி, சௌக்கியமா? பேரனுக்கு அப்படியே உங்க மூக்கு. ஆங், அந்தக் கையுறை, பெரிய சைஸ், இருநூறு டஜன் போட்டு விடுங்க. இங்க இப்ப நல்லா போகும்."

"இதான் ஆர்டரா?"

"ஆமாங்க."

"நடுவுல மூக்கு வருதே."

"மூக்குக்கு நாங்க விலை போடலைங்க" என்றார் ஸ்பீடு. வக்கீலம்மா சிரிக்காமல் குறித்துக்கொண்டார். "பரவால்ல. அளவு இருக்கு, எண்ணிக்கை இருக்கு. இதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"அது எதுக்குங்க... சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்று கட்டுக்காரர் போனை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் வக்கீலம்மா அடுத்ததைத் தட்டிவிட்டார்.

கட்டுக்காரரின் குரல். ஆனால் பட்டறையில் யாரும் கேட்டிராத குரல். குழைந்து, நெளிந்து, பாதி சிரிப்பாகவே இருந்தது. "ஹி ஹி... நீங்க சொன்னா சரி சம்பந்தி. பணத்துக்கு என்ன அவசரம்? அவசரமே இல்ல. வித்துட்டுக் குடுங்க, அடுத்த வருஷம் குடுங்க, எப்ப முடியுதோ அப்ப. இங்க நான் சொன்னா சொன்னதுதான், யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. கத்திரின்னு ஒரு பொம்பளை இருக்கு, கணக்கு கணக்குன்னு உயிரை எடுக்கும். அதை நான் பார்த்துக்கறேன். ஹி ஹி..."

போன் நின்றது. கீழே கடையில் யாரோ ரிங்டோன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீடு தன் செருப்பைப் பார்த்தார். வாயில் எப்போதும் ஒரு வார்த்தை தயாராக வைத்திருப்பவருக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கத்திரி அக்கா போனைக் காட்டி, "இன்னொரு தடவை போடுங்க வக்கீலம்மா" என்றார். "எந்தத் தேதின்னு பார்க்கணும்."

இன்னொரு தடவை போட்டார்கள். கட்டுக்காரர் அலமாரியின் பூட்டை விரலால் தடவிக்கொண்டே முழுதும் கேட்டார். சாவித் துவாரம் வழியாக உள்ளே போய்விட முடிந்தால் போயிருப்பார்.

"இதாங்க காரணம்" என்றார் வக்கீலம்மா. "கடனுக்குக் கெடுவை நீட்டறதா இருந்தா முன்னாடியே இன்ஷூரன்ஸ்காரங்களைக் கேட்கணும். நீங்க கேட்காமலே அடுத்த வருஷம்னு சொல்லிட்டீங்க. உங்க சம்பந்தி இதையே அவங்களுக்கு அனுப்பி வச்சிருக்கார், 'எனக்கு டைம் இருக்கு, நான் பாக்கி வைக்கல'ன்னு. இந்த லெட்டர்லயே எழுதியிருக்காங்க. அவங்க கையைக் கழுவிட்டாங்க."

"அவரே அனுப்பினாரா?" என்றார் கட்டுக்காரர்.

"அவரேதான்."

அதன் பிறகு வக்கீலம்மா இருக்கிற வழிகளைச் சொன்னார். கட்டுக்காரர் காதில் பாதிதான் ஏறியது. இந்த ஊர்க் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், செலவு குறைவு, ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஆனால் இந்த ஊர்த் தீர்ப்பை அந்த நாடு அப்படியே ஏற்றுக்கொள்கிற ஒப்பந்தம் எதுவும் இல்லை.

"அப்ப அந்தத் தீர்ப்பை என்ன பண்றது?" என்றார் அக்கா.

"அங்க கொண்டு போய், முதல்லேர்ந்து வாதாடணும்."

"கண்ணாடி போட்டு மாட்டிக்கலாம்" என்றார் ஸ்பீடு. அவருக்கு வார்த்தை திரும்பிவிட்டது.

அங்கேயே நேராக வழக்குப் போடலாம். அதற்கு அங்கே ஒரு வக்கீல் பிடிக்க வேண்டும். இந்த வாய்ஸ் எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் பெயர்த்து, முத்திரை வாங்கி, தர வேண்டும். "சிரிப்பையும் எழுதணுமா?" என்று அக்கா கேட்டார். எழுத வேண்டும் என்றார் வக்கீலம்மா, சொன்னது சொன்னபடி. அதுபோக, வெளிநாட்டுக்காரன் வழக்குப் போட்டால், தோற்றால் எதிராளியின் செலவைக் கொடுப்பான் என்பதற்கு முன்கூட்டியே ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் வசூல் கம்பெனி இருக்கிறது. முன்பணம் வேண்டாம், வந்ததில் நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொள்வார்கள். கடைக்கும் போவார்கள், வீட்டுக்கும் போவார்கள், அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்கள்.

"எல்லாத்தையும் விட நல்ல வழி ஒண்ணு" என்றார். "இவ்வளவு பாக்கி, எங்க கம்பெனி தரணும்னு அவங்களே ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா, தகராறே இல்ல. அங்க கோர்ட்டுல சீக்கிரம் உத்தரவு கிடைக்கும். வழக்குப் போடற கெடு முடியப் போகுதேங்கற பயமும் இல்ல, கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து புதுசா ஓடும்."

"அவர் எங்க போடப் போறார்" என்றார் கட்டுக்காரர்.

"அவர் போட முடியாது. போன வருஷமே கம்பெனியை வேற பேருக்கு மாத்திட்டார். அங்க பதிவு ஆபீஸ்ல கேட்டு வாங்கினேன்." வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பேரை வாசித்தார்.

அது கட்டுக்காரர் தன் மகளுக்கு வைத்த பேர்.

பஸ்ஸில் திரும்பும்போது மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார இடம் இருந்தும் கட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்திரி அக்காவின் காது கண்ணெதிரே தெரிந்தது. தோலுக்குப் பணம் போதவில்லை என்று தோட்டைக் கழற்றி அடகு வைத்திருந்தார். ஓட்டை தூர்ந்து போகாமலிருக்க நூல் கோத்திருந்தார். வெட்டிப்போட்ட கையுறை நூல்தான். பார்க்கக்கூடாது என்று வெளியே பார்த்தால், கண்ணாடியிலும் அந்தக் காதேதான் தெரிந்தது.

வீட்டில் மனைவி கதை முழுதையும் கேட்டாள். அவளிடம் கத்திரியைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

"நம்ம பொண்ணு தெரியாமலா கையெழுத்துப் போட்டிருப்பா?"

"தெரியலையே."

"கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான். ஊரையே தூக்கிக் குடுக்கறதுக்குத் திறக்குதுல்ல, அதே வாய்." அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நானும்தான் இருக்கேன்" என்று குரலைத் தாழ்த்தினாள். "வாரம் ரெண்டு தடவை பேசறேன். சாப்பிட்டியா, குழந்தைக்குச் சளி போச்சா. அதுக்குமேல வாய் வரமாட்டேங்குது. எங்கே கேட்டா அவளை ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு. நீங்க குனிஞ்சீங்க, நான் உங்களுக்குப் பின்னாடி குனிஞ்சேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் ஏழு பேரும் வெட்டும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். வழிகளை அக்கா சொன்னார். வாய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஸ்பீடும் சொல்லவில்லை. கட்டுக்காரர் அவர்கள் சொல்லிவிடட்டும் என்று காத்திருந்தார். சொல்லாமல் விட்டது ஒரு கடன் மாதிரி அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்தது.

"கொஞ்சம் வெளிய இருங்க அண்ணே" என்றார் தையல்காரர் ஒருவர். "உங்களை வச்சுக்கிட்டுப் பேச எங்களுக்கும் கஷ்டம்."

வெளியே போய், தான் கட்டிவைத்த பெட்டிகளின்மேல் உட்கார்ந்தார். தகரச் சுவர், பேச்சு கேட்கத்தான் செய்தது. அவரவருக்கு ஒரு கஷ்டம். ஒருத்தருக்கு வாடகை பாக்கி. ஒருத்தர் மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டவில்லை. வசூல் கம்பெனிக்கே கொடுத்துத் தொலைப்போம் என்றார் ஒருவர். "அவங்க போய் அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கத்துவாங்களே" என்றது இன்னொரு குரல். "நம்ம கண்ணு முன்னாடி வளர்ந்தது. பழைய கம்பெனியில கட்டு மேல படுத்துத் தூங்குமே."

கூப்பிட்டார்கள். அக்கா சொன்னார்: "நாங்க ஒண்ணும் முடிவு பண்ணல. உங்க பொண்ணு. நீங்க போடுன்னா போடறோம், விடுன்னா விடறோம்."

பட்டறையில் அவருக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே அதுதான் பெரியது. அடித்திருந்தால் தேவலை. ஆறு பேரும் தங்கள் பணத்தை அவர் கையில் வைத்துவிட்டு, அவர் மூஞ்சியைப் பார்க்காமல் மெஷின்களுக்கு உறை போடப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் மத்தியானம், அங்கே கடை திறக்கிற நேரம் பார்த்து, லாரி நிற்கிற சந்துக்குப் போய் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா! என்ன இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான். சாப்பிட்டியா? அங்க குளிரா?"

"குளிருதான்."

"குழந்தைக்குச் சளி?"

"போயிடுச்சு." "அப்பா, நீங்க சளி விசாரிக்கவா கூப்பிட்டீங்க?"

கட்டுக்காரர் லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தட்டினார். "அந்தக் கம்பெனி... உன் பேர்ல இருக்காமே."

"ஆமாப்பா."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"மாமா பேருக்கு பேங்குல எதுவும் தர மாட்டேன்னுட்டாங்க. என்னைக் கூப்பிட்டு, இனிமே நீதான்மா முதலாளின்னார். எனக்குப் பெருமையா இருந்துதுப்பா. கட்டுக்காரர் பொண்ணு முதலாளின்னு நினைச்சேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அப்புறம்தான் கணக்கைப் பார்த்தேன். யாருக்கெல்லாம் பாக்கின்னு. அதுல உங்க பட்டறை இருந்துச்சு. அதுலேர்ந்து அம்மாகிட்ட பேசும்போது நாக்கு ஒட்டிக்குது. உங்க கையுறையை நானே கல்லாவுல நின்னு வித்தேன்ப்பா. பெட்டியில நீங்க போடற முடிச்சு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பெட்டியா நானேதான் அவிழ்த்தேன்."

"பணம் என்ன ஆச்சு?"

"வாடகை, கார், பழைய கடன். மாமாகிட்ட பணம் இல்லப்பா. இருக்கிற மாதிரி இருப்பார், அவ்வளவுதான்."

கேட்க வேண்டியது ஒன்றுதான். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாயா அம்மா. வக்கீலம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: கடன் கம்பெனிக்குத்தான், மகளின் சொந்தக் கழுத்துக்கு வராது, ஆனால் கடை போகும், அதற்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்று சட்டத்தில் எழுதவில்லை. கேள்வியை நாக்கு நுனி வரைக்கும் கொண்டு வந்தார். சந்தின் முனையில் ஸ்பீடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனார்.

"சரிம்மா, விடு" என்றது கட்டுக்காரரின் வாய். "நாங்க பார்த்துக்கறோம். நீ மனசைப் போட்டு அலட்டிக்காத. ஒண்ணும் அவசரமில்ல."

மகள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவரிடம் ஒரு முறைகூடக் குரல் உயர்த்தாத பெண்.

"இதையேதான் மாமாகிட்டயும் சொன்னீங்க! அவர் அந்த வாய்ஸை எனக்குப் போட்டுக் காட்டினாருப்பா. சோத்து மேஜையில வச்சு. எல்லாரும் இருக்கும்போது. 'பாரு, உங்கப்பாவே அவசரமில்லைங்கறார், உனக்கென்ன குதிக்கிது'ன்னு. அந்தச் சிரிப்பைப் போட்டுப் போட்டுக் காட்டி அவங்க சிரிச்சாங்க. நான் எழுந்து வந்துட்டேன். அப்பா, உங்களுக்கு அவசரமில்ல. கத்திரி அத்தைக்கு? அவங்களுக்கும் அவசரமில்லையா?"

கட்டுக்காரர் சந்தின் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அவங்க தோடு அடகுல இருக்கும்மா" என்றார்.

"அப்ப கேளுங்க. என்ன கேட்கணுமோ அதைக் கேளுங்க."

கேட்டார். ஒரு வரிதான். கேட்டு முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பேப்பரை அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் தபாலும் முத்திரையும்தான். வக்கீலம்மா பத்திரம் அனுப்பினார். மகள் அங்கே ஒரு நோட்டரி முன்னால் கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்த ஊர் வக்கீல் ஒருவர் அதைக் கோர்ட்டில் வைத்தார். மறுக்க ஆளில்லாத கடன் என்று உத்தரவு வந்தது. கடையைப் பூட்டி, கார், அலமாரி, மிச்சமிருந்த சரக்கு எல்லாவற்றையும் விற்றார்கள். கட்டடத்துக்குக் கொடுத்திருந்த முன்பணத்தையும் எடுத்தார்கள். வாய்ஸைப் பெயர்க்க வேண்டிய தேவையே வரவில்லை. அது ஒன்றுதான் கட்டுக்காரருக்குக் கிடைத்த கருணை. அதற்காகச் சந்தோஷப்பட்டதற்கும் பிறகு வெட்கப்பட்டார்.

மகளும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அறை வாடகைக்குப் போனார்கள். மாப்பிள்ளை அப்பனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயில்லாமல் நின்று, கடைசியில் பெட்டியைத் தூக்கியது பெண்டாட்டி பக்கம். மகள் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. "'உங்க வேலைதான் செய்யறேன்'னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்று அம்மாவிடம் சொன்னாளாம். அவரிடம் நேராகப் பேசவில்லை.

சம்பந்தி நேராகப் பேசினார். பட்டறை முழுதும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"திருப்திதானே சம்பந்தி?" செருமல் அப்படியே இருந்தது. "என் கடையை மூட என் மருமகளோட கையையே பிடிச்சீங்க. கூலிக்காரன் வீட்டுப் பொண்ணுன்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா நான்? ஒரே ஒரு நாள்?"

"இல்லைங்க."

"பின்ன?"

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி. மன்னிச்சிடுங்க" என்றார் கட்டுக்காரர்.

வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பணம் தராதவனிடம் சரக்குத் தந்தவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். திரும்பிப் பார்த்தார். மெஷின்கள் நின்றிருந்தன. ஐந்து பேரும் கேட்டிருந்தார்கள். "அவர் நல்லா இருக்காரா?" என்றார் ஸ்பீடு, ரொம்ப மரியாதையாக. யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு மெஷின்கள் ஓடின.

மொத்தம் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தேறியது. அந்த ஊர் வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் ஆயிரத்து எழுநூறு போக, பதினோராயிரத்து இருநூறு டாலர் வங்கிக்கு வந்து சேர்ந்தது. கத்திரி அக்கா முதலில் தோல் கடைக்காரனுக்குக் கொடுத்தார், அப்புறம் வாடகை, அப்புறம் அவரவர் பாக்கிக் கூலி. அதற்கெல்லாம் பிறகுதான் தோட்டை மீட்டார்.

மிச்சம் ஏழாயிரத்து இருநூற்று அறுபது. கம்பெனியே கலைந்துபோனது, இனி வர வழியில்லை. வராக்கடன் என்று எழுதித் தள்ள வேண்டியதுதான். அதற்கு ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை வேலை முடிந்து வெட்டும் மேஜையில் கூடினார்கள்.

கட்டுக்காரர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். மேஜைமேல் கையை ஊன்றி, "முழுசும் என் பங்குல கழிச்சிடுங்க" என்றார். "பங்கையே எழுதிக் குடுத்துடறேன். உங்ககிட்ட கூலிக்கு இருந்துக்கறேன். மறுக்காதீங்க."

யாரும் உடனே மறுக்கவில்லை. அது நியாயம்தானே என்பது இரண்டு மூன்று முகங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருவர் கத்திரி அக்காவைப் பார்த்தார். அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"கழிச்சா உங்களுக்கு ஆறிடும்" என்றார், சீவுவதை நிறுத்தாமல். "கொடுத்துட்டேன், தீர்ந்துதுன்னு நிம்மதியாத் தூங்குவீங்க. எனக்கு ஆறாது. அந்த வக்கீலம்மா ரூம்ல உட்கார்ந்து கேட்டது எனக்கு எந்தக் கணக்குலயும் கழியாது. அதனால ஏழு பேருக்கும் சமமா இருக்கட்டும். உங்களுக்கு அதிகமும் வேணாம், கம்மியும் வேணாம்."

என்ன கேட்டார்கள் வக்கீல் அறையில் என்று மற்ற நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சொல்லவில்லை. ஸ்பீடு கூரையைப் பார்த்தார்.

"நானே சொல்லிடறேன்" என்றார் கட்டுக்காரர்.

"வேணாம்" என்றார் அக்கா. "கையெழுத்துப் போடுங்க, எனக்கு வீட்டுக்குப் போகணும்."

நஷ்டத்தை ஏழால் வகுத்தார். ஆளுக்கு ஆயிரத்து முப்பத்தேழு வந்தது. ஒரு டாலர் மீந்தது.

"அந்த ஒண்ணை நான் தாங்கிக்கறேன்" என்றார் ஸ்பீடு நெஞ்சில் கை வைத்து. "எனக்குப் பெரிய மனசு."

"உனக்கு வேணாம். அது இவருக்கு" என்று அக்கா கட்டுக்காரரின் பேருக்கு நேரே முப்பத்தேழை அடித்து முப்பத்தெட்டு என்று எழுதினார்.

எல்லாரும் சிரித்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு அவரை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். கட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. காது மட்டும் கொதித்தது. ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் தள்ளினார்கள். கடைசியில் அவரிடம் வந்தது. ஆயிரத்து முப்பத்தெட்டு என்பதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதற்கு நேரே தன் கையெழுத்தைப் போட்டார்.

அக்கா தாளை வாங்கி மடித்தார். ஏழாயிரத்து இருநூற்று அறுபது எழுதித் தள்ளியாயிற்று.